பூனைக்கண்ணனும் பெரியக்காவும்

அந்தச் சலவைக்கூடத்தை இடித்துக் கார் நிறுத்துமிடம் ஆக்கிவிட்டார்கள். அந்த வழியாகப் போகும்போதெல்லாம் பெரியக்காவின் கால் தானாக மெதுவாகும். அவளுடைய நல்ல காலமெல்லாம் அங்கேதான் கழிந்தது.

ஓட்டல்களிலிருந்து மூட்டை மூட்டையாகப் படுக்கைவிரிப்புகள் வரும். துவைத்துக் காயவைத்ததை இரண்டு பேர் எதிரெதிரே நின்று மடிக்க வேண்டும். பெரியக்காவுக்கு எப்போதும் ஜோடி பூனைக்கண்ணன்தான். செம்பட்டைச் சுருட்டை முடி, பச்சைக் கண். அவனுடைய தாத்தாவின் அப்பா எந்தக் காலத்திலோ கப்பலேறி வந்தவர். இவன் பிறந்தது பக்கத்துத் தெருவில். பேச ஆரம்பித்தால் அந்தத் தெருப் பேச்சு கொட்டும்.

பெரியக்காதான் பக்கத்து நாட்டிலிருந்து எல்லை தாண்டி வந்தவள். ஆனால் இரண்டு பக்கமும் ஒரே முகம், ஒரே பாஷை என்பதால் அவளை யாரும் ஒரு வார்த்தை கேட்டதில்லை. அவனை மட்டும் கேட்காத ஆளில்லை.

ஒருநாள் காலை, வெளிநாட்டு ஆட்களைச் சோதிக்க இரண்டு அதிகாரிகள் வந்தார்கள். நேரே பூனைக்கண்ணனிடம் போனார்கள்.

"எந்த ஊருப்பா நீ?"

"பக்கத்துத் தெரு சார்."

"அது சரி, நிஜமா எந்த ஊரு?"

"நிஜமாவே பக்கத்துத் தெருதான் சார். வேணும்னா எங்கம்மாவைக் கூட்டிட்டு வரவா? அவங்களும் அங்கதான் பொறந்தாங்க."

அடையாள அட்டையை நீட்டினான். மூத்த அதிகாரி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஆபீசுக்கு வா, விசாரிக்கணும்" என்றார். அவன் முகம் செத்துப்போனது.

பெரியக்கா இங்கே தங்கி வேலை செய்வதற்கான அனுமதிக் கெடு முடிந்திருந்தது. புதுப்பிக்க மனுப் போட்டுவிட்டுக் காத்திருந்தாள். வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும், தப்பிவிடலாம். எதிரே அவன் விரிப்பின் நுனியை வைத்துவிட்டுக் கிளம்பத் திரும்பினான். தன் பக்கத்து நுனியைக் கீழே போட்டாள்.

"சார், வெளிநாட்டு ஆளைத்தானே தேடுறீங்க? அது நான்."

இளைய அதிகாரி சிரித்துவிட்டார். "விளையாடாதீங்கம்மா. பாத்தாலே தெரியுதே, நம்மாளுன்னு."

"மூஞ்சியில எழுதியா ஒட்டியிருக்கு? பாஸ்போர்ட்டைப் பாருங்க சார்."

பார்த்தார்கள். சிரிப்பு நின்றது. பூனைக்கண்ணனின் அட்டை அவன் கைக்குத் திரும்பியது.

மனு பாக்கியிருந்ததால் அவளைப் பிடித்துப் போகவில்லை; விசாரணைக்கு வரச் சொல்லிவிட்டுப் போனார்கள். அதன்பிறகு பெரியக்கா குடியேற்ற அலுவலகத்துக்கு அலையாய் அலைந்தாள். பாதிச் சம்பளம் அதிலேயே போனது. ஒவ்வொரு முறையும் பூனைக்கண்ணன் துணைக்கு வந்தான். வாசல் காவலாளி ஒன்றும் கேட்காமல் அவனை வெளிநாட்டவர் வரிசைக்கும் அவளை உள்நாட்டவர் வரிசைக்கும் அனுப்புவார். இருவரும் அடக்க முடியாமல் சிரித்துக்கொண்டே இடம் மாறி நிற்பார்கள். ஒரு வழியாக அனுமதி கிடைத்தது; பல வருடம் கழித்துக் குடியுரிமையும் கிடைத்தது. அன்றைக்கு அவன்தான் சலவைக்கூடம் முழுக்க இனிப்பு கொடுத்தான்.

இப்போது அவன், மகள் கல்யாணமாகிப் போன நாட்டில் அவளோடு இருக்கிறான். அவனுடைய கொள்ளுத்தாத்தா கப்பலேறிப் புறப்பட்ட அதே நாடு. போன வாரம் போன் பண்ணினான்.

"அக்கா, இங்க தெருவுல பாதிப் பேருக்கு என் கண்ணுதான்!"

"அடேயப்பா! அப்ப இனி எந்த ஊருன்னு எவனும் கேக்க மாட்டான்."

"கேக்கலக்கா. நேரா வந்து அவங்க பாஷையில கடகடன்னு பேசுறாங்க. நான் பேந்தப் பேந்த முழிக்கிறேன். செவிட்டு ஊமைன்னு நெனைச்சு ஒரு அம்மா கையைப் புடிச்சு ரோட்டைத் தாண்டி விட்டுட்டாங்க."

பெரியக்கா கண்ணில் நீர் வரச் சிரித்தாள். சிரித்து முடித்தபோது மறுமுனையில் சத்தமில்லை.

"என்னடா, இருக்கியா?"

"இருக்கேன்க்கா. நம்ம தெருவுல இப்ப மழையா?"

"ஆமாடா. காலையிலேருந்து கொட்டுது."

"போனை ஜன்னல்கிட்ட வையேன்" என்றான்.

அவள் எழுந்து ஜன்னலைத் திறந்தாள்.