எழுதியிருக்கும் பாருங்க

வீட்டில் கூடுதல் பல்பு எங்கே இருக்கிறது என்று தையற்காரன் கேட்டான்.

"எழுதியிருக்கும் பாருங்க" என்றாள் மனைவி, தலையைத் திருப்பாமல்.

எழுதித்தான் இருந்தது. மாடிப்படிக்குக் கீழே உள்ள அலமாரியில், இரண்டாவது தட்டில், ஓர் அட்டைப்பெட்டியின் முகப்பில், 'பல்பு. வலது பக்கம் இருப்பவை புதியவை' என்று இருந்தது. கறுப்பு மையில் சின்னச் சின்னச் சதுர எழுத்துகள். மேலே தண்ணீர் படாமலிருக்கக் கண்ணாடி டேப். டேப்பின் நான்கு மூலைகளும் கத்தரியால் வளைத்து வெட்டப்பட்டிருந்தன. மூலை கூராக இருந்தால் நாளடைவில் பெயர்ந்து எழும்பும் என்று தெரிந்த கை செய்த வேலை. இந்த வளைந்த மூலைகள்தான் தையற்காரனுக்கு ஆகவே ஆகவில்லை. வேலை மட்டமாக இருந்தால் மனத்துக்குள் சிரித்துவிட்டுப் போயிருப்பான்.

எழுதியவன் இறந்து நான்கு வருடமாகிறது. லிஃப்ட் பழுதுபார்ப்பவனாக இருந்தவன், அவளுடைய முதல் கணவன். தையற்காரன் ஒரு பெட்டியோடும் ஒரு தையல் இயந்திரத்தோடும் இந்த வீட்டுக்குள் வந்து எட்டு மாதம். வந்த முதல் நாளே சமையலறை இழுப்பறை ஒன்றில், 'முழுதும் இழுக்க வேண்டாம். விழும்' என்ற சீட்டைப் பார்த்தான். இவன் யார் எனக்குச் சொல்ல என்று தோன்றியது. முழுதும் இழுத்தான். விழுந்தது. கால் கட்டைவிரல் நகம் இரண்டு மாதம் கறுத்துக் கிடந்தது. அந்தச் சீட்டு மட்டும் இழுப்பறையின் உள்விளிம்பில் அப்படியே, கொஞ்சமும் கலங்காமல் இருந்தது.

மனைவி அந்த மனிதனைப் பற்றிப் பேசுவதே இல்லை. பேசியிருந்தால்கூடத் தேவலை. எதிரே உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருக்கலாம், நடுவில் ஒரு வார்த்தை போடலாம். இதுவோ எந்நேரமும் சுவரில் நின்று பேசிக்கொண்டிருந்தது. கத்தரிக்கோல் எங்கே, பின்கதவுச் சாவி எங்கே, காய்ச்சல் மாத்திரை எங்கே என்று எதைக் கேட்டாலும் அவள் சுவரைக் கைகாட்டினாள். அவளுடைய மகளும் அப்படித்தான். பதின்மூன்று வயது, வாய் ஓயாது என்பதால் எல்லாரும் மைனா என்று கூப்பிடுகிற பெண். அவள் அவனை எந்த உறவு சொல்லியும் அழைத்ததில்லை. "இங்க பாருங்க" என்பாள். எட்டு மாதமாக அவன் பெயர் இங்கபாருங்க.

கடையில் பொத்தானுக்குக் காஜா எடுக்கும் அக்காவிடம் ஒருநாள் இதைச் சொல்லிவிட்டான். அக்கா ஊசியை வாயில் கவ்வியபடியே சிரித்தாள்.

"ஏன் தம்பி, உயிரோட இருக்கிறவன்னா கூப்பிட்டு வெச்சு ரெண்டு கேள்வி கேக்கலாம். இவர்கிட்ட என்னன்னு சண்டை போடுவே?"

"சண்டை எல்லாம் இல்லக்கா. ஒரு வீட்டுல எத்தனை சீட்டுதான் ஒட்டுறது?"

"அதானே. உன் வீட்டு எழுத்தாளர் கொஞ்சம் அதிகமாத்தான் எழுதிட்டுப் போயிருக்கார்."

அன்றிலிருந்து அக்காவுக்கு அவர் எழுத்தாளர் ஆகிவிட்டார். காலையில் இவன் கடையைத் திறக்கும்போதே, "எழுத்தாளர் இன்னிக்கு என்ன சொன்னார்?" என்பாள். இவனும் சிரிப்பான். சிரித்துவிட்டுப் போய்த் துணியை வெட்டும்போது கத்தரி கொஞ்சம் வேகமாகவே போகும்.

பிறகு ஒரு விடுமுறை வாரத்தில், சாப்பிட்டு முடித்த நேரம் பார்த்து, "வீட்டைக் கொஞ்சம் ஒழிச்சு வைக்கலாமா? சாமான் அறையில கால் வைக்க இடமில்லை" என்றான்.

மனைவி தட்டில் விரலால் ஏதோ கோடு போட்டுக்கொண்டிருந்தாள். கோட்டை அழித்துவிட்டு, "சரி" என்றாள். அவன் எதிர்பார்த்தது ஒரு மறுப்பை. மறுப்புக்குப் பதில் சொல்ல நான்கு வாக்கியம் தயாராக வைத்திருந்தான். அவை நான்கும் வீணாயின.

மூன்று நாள் நடந்தது அந்த வேலை. கூடத்தில் மூன்று பழைய போர்வைகளை விரித்தார்கள். வைத்துக்கொள்ள ஒன்று, பிறருக்குக் கொடுக்க ஒன்று, குப்பைக்கு ஒன்று. பரணிலிருந்து அவன் இறக்கித் தந்தான், அவள் பிரித்தாள். மூடியில்லாத டப்பாக்கள், டப்பாவில்லாத மூடிகள், மைனா தவழ்ந்த காலத்துக் கொசுவலை, ஓடாத மின்விசிறி இரண்டு. இறந்தவனின் சட்டைகள் ஒரு பை நிறைய வந்தன. அவள் ஒரே ஒரு முறை உதறிப் பார்த்துவிட்டு, கொடுக்கிற போர்வையில் போட்டாள். முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை.

தையற்காரன் ஒரு சட்டையை எடுத்து விரித்தான். வேண்டாமென்றாலும் கண் அளந்துவிட்டது. தோள் பத்தொன்பது அங்குலம். அவனுடையது பதினாறரை. மடித்து வைத்தான். மடிப்பு சரியாக வரவில்லை, மறுபடி மடித்தான்.

சாமான் அறையின் மூலையில் கடைசியாக ஒரு மரப்பெட்டி இருந்தது. அதன் மேலும் சீட்டு: 'பிறகு பார்க்கலாம்.'

அவன் மூடியில் கை வைத்தபோது, "அதை மட்டும் அப்படியே வெச்சிடுங்க" என்றாள்.

மூன்று நாளில் அவள் வேண்டும் என்று சொன்ன ஒரே பொருள். என்ன இருக்கிறது என்று அவன் கேட்கவில்லை. கேட்டால் அவள் சொல்லிவிடுவாள் என்ற பயம். கடிதங்களாக இருக்கும். திருமணப் புகைப்படங்களாக இருக்கும். இறந்தவனின் சதுர எழுத்தில் அவளுக்கு மட்டும் எழுதப்பட்டவை, பிறகு ஒருநாள் இரண்டு பேரும் சேர்ந்து உட்கார்ந்து பார்க்கலாமென்று எடுத்து வைத்தவை. சட்டைகளைத் தூக்கிப் போட்டவள் இதை விடமாட்டேன் என்கிறாளென்றால் வேறென்ன? பெட்டியை எட்டிய வரை உள்ளே தள்ளி, தரையிலேயே வைத்தான்.

மறுநாள் இஸ்திரிப் பெட்டியைச் சூடேற்றிக்கொண்டு வந்தான்.

"எல்லா இடமும் மாத்தியாச்சு. பழைய சீட்டு இருந்தா குழப்பம்தான்" என்று பொதுவாகச் சொன்னான். ஈரத் துணியைச் சீட்டின்மேல் வைத்து, இஸ்திரியை லேசாகக் காட்டினால் பசை இளகும். காலரிலிருந்து ஒட்டுத்துணி பிரிக்கிற வேலைதான். ஒவ்வொன்றாக, கிழியாமல், அழகாக உரிந்து வந்தது. கோபத்தில் கிழிக்கிறான் என்று யாரும் சொல்லிவிடக் கூடாது என்பதில் அவன் கவனமாக இருந்தான். படிக்குக் கீழே சுவரை ஒட்டிக் கிடந்த ஆறு தண்ணீர் வால்வுகளின் பின்பலகையிலிருந்தும் உரித்தான். அங்கே ஐந்துதான் கிடைத்தன. ஆறாவது எப்போதோ விழுந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டான். உரித்த இடங்களில், சட்டைப்பையில் எப்போதும் கிடக்கும் சாக்பீஸை எடுத்து, துணியில் குறி போடுவதுபோல இரண்டெழுத்தில் குறித்துக்கொண்டே போனான். மே.கு. என்றால் மேல் குளியலறை. ச. என்றால் சமையலறை.

நூற்று நாற்பதுக்கு மேல் சீட்டு. குப்பை வண்டி வந்தபோது அவனே கொண்டுபோய்க் கொடுத்தான்.

மனைவி வாசலில் நின்று பார்த்தாள்.

அதன் பிறகு வீடு துப்புரவாகத்தான் இருந்தது, எதுவும்தான் கிடைக்கவில்லை. கடுகு டப்பாவில் 'க' என்று இருந்தது, கடலை டப்பாவிலும் 'க' இருந்தது. மைனா கத்தரிக்கோலைத் தேடி மூன்று அறை சுற்றிவிட்டு வந்து, "இங்க பாருங்க, இந்த வீட்டுக்கு யாராவது வழி சொல்ற ஆள் போடுங்க" என்றாள். மனைவி எதையாவது தேடும்போது அவளையறியாமல் சுவரைப் பார்ப்பாள். அங்கே பசையின் மஞ்சள் தடம் மட்டும் இருக்கும். தடம்கூடச் சதுரமாக, மூலை வளைந்து இருந்தது. தையற்காரன் அதைத் தேய்த்துப் பார்த்தான். போகவில்லை.

அவன் காத்திருந்தது ஒன்றுக்காகத்தான். 'என்னங்க, அது எங்க இருக்கு?' என்று அவள் அவனைப் பார்த்துக் கேட்க வேண்டும். சுவரை அல்ல, அவனை. அவள் கேட்கவில்லை. தானே தேடினாள், அல்லது இல்லாமலே சமாளித்துக்கொண்டாள்.

ஒரு மத்தியானம் மேல் குளியலறையில் கைகழுவும் தொட்டிக்கடியில் குழாய் வெடித்தது. மைனாவின் கத்தல் கேட்டு அவன் ஓடினான். அதற்குள் தண்ணீர் படியில் இறங்கிக்கொண்டிருந்தது.

"கீழ போய் மூடுங்க! மேல் குளியலறை வால்வு!" என்று மனைவி மேலிருந்து கத்தினாள்.

படிக்குக் கீழே மண்டியிட்டான். கூரையிலிருந்து சுவர் வழியாக வழிந்த தண்ணீர் பின்பலகையில் பாய்ந்துகொண்டிருந்தது. சாக்பீஸ் எழுத்துகள் வெள்ளையாக ஒழுகி, பார்த்துக்கொண்டிருக்கும்போதே இல்லாமல் போயின. இருபத்தைந்து வருடம் துணியில் எழுதியவன் அவன். வேலை முடிந்தபின் முதல் அலசலில் போய்விட வேண்டும் என்பதற்காகவே போடுகிற குறி அது. தண்ணீர்க் குழாயின்மேல் அதைப் போட்டு வைத்திருக்கிறான்.

"இதுல எதும்மா?" என்று மேலே பார்த்துக் கத்தினான்.

"எழுதியிருக்கும் பா..." என்று தொடங்கிய அவள் குரல் பாதியில் நின்றது. தண்ணீர் ஓடும் சத்தம் மட்டும் கேட்டது.

"உனக்கு ஞாபகமில்லையா?"

"எனக்கு எப்படி ஞாபகம் இருக்கும்? எழுதித்தானே இருந்துச்சு!"

முதல் வால்வைத் திருகினான். எல்லாம் துருவேறியவை, இருபது முப்பது சுற்று வேண்டும். முதலாவது இல்லை. இரண்டாவது இல்லை. மூன்றாவதைத் திருகும்போது உள்ளங்கை கிழிந்தது. ஐந்தாவது இறுகியபோது மேலே மைனா, "நின்னுடுச்சு!" என்றாள்.

அவன் அப்படியே ஈரத்தில் உட்கார்ந்திருந்தான். சாமான் அறைக்குள் கணுக்கால் அளவு தண்ணீர். மரப்பெட்டியின் ஞாபகம் வந்தது. உயரத்தில் ஏற்றி வைக்காமல் அவன்தான் அதைத் தரையிலேயே தள்ளி வைத்தான். ஓடிப்போய்த் தூக்கினான். அடிப்பலகை ஊறிக் கழன்று, உள்ளே இருந்ததெல்லாம் தண்ணீரில் கொட்டியது.

கடிதம் இல்லை. புகைப்படம் இல்லை. பூட்டில்லாத சாவிகள் ஒரு கொத்து. வார் இல்லாத கைக்கடிகாரம். எந்த இயந்திரத்திலிருந்து வந்தது என்று சொல்ல முடியாத ஒரு பல்சக்கரம். ஒற்றைக் கையுறை. மைனாவின் பொம்மைக் கார் ஒன்றின் பாதி. சிலவற்றில் சீட்டு ஒட்டியிருந்தது, அதே சதுர எழுத்து. 'எந்தப் பூட்டு?' என்றது ஒன்று. 'எதற்கு?' என்றது இன்னொன்று. பல்சக்கரத்தில், 'தெரியவில்லை.'

மனைவி பின்னால் வந்து நின்றாள். புடவைக் கொசுவத்தைத் தூக்கிப் பிடித்தபடி குனிந்து பல்சக்கரத்தை எடுத்தாள். அவளுக்குச் சிரிப்பு வந்தது. அவன் இந்த எட்டு மாதத்தில் கேட்டிராத ஒரு சிரிப்பு.

"மாசத்துக்கு ஒரு தடவை இதைக் கொட்டிக்கிட்டு உக்காருவார்" என்றாள். "மத்ததெல்லாம் அவரே முடிவு பண்ணி, எழுதி ஒட்டிடுவார். என்னை ஒரு வார்த்தை கேக்க மாட்டார். இந்தப் பெட்டி வந்தா மட்டும்தான், 'இங்க வாயேன், இது எதுக்குன்னு சொல்லேன்'னு கூப்பிடுவார். எனக்கும் தெரியாது. ரெண்டு பேரும் உக்காந்து யோசிச்சிட்டு, திரும்ப உள்ள போட்டு மூடிடுவோம்."

வாசல்பக்கம் தண்ணீர் வடிகிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. அவன் மூன்று நாள் வீட்டை ஒழித்ததையும், அந்த மூன்று நாளில் அவளை ஒன்றுகூடக் கேட்காததையும் நினைத்துக்கொண்டான். செத்தவனைவிட ஒரு பெட்டி குறைவாக அவன் அவளைக் கேட்டிருக்கிறான். பொறாமை போகவில்லை. கடிதம் இருந்திருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது என்று தோன்றியது.

கடைசியில், "இந்த வால்வெல்லாம் எது எதுக்குன்னு உனக்குத் தெரியாது, எனக்கும் தெரியாது" என்றான்.

"ஆமா."

"நீ மேல போறியா? நான் ஒவ்வொண்ணா திறக்கிறேன். எங்க வருதுன்னு சொல்லு."

அவள் ஒரு கணம் அவனைப் பார்த்தாள். பிறகு புடவையை இடுப்பில் செருகிக்கொண்டு, மேலும் கீழுமாக எல்லாக் குழாய்களையும் திறந்துவைக்கப் படியேறினாள்.

"என்னங்க, சமையலறையில வருது!"

"சரி, இது?"

"மூடுங்க மூடுங்க, பின்பக்கம் கொட்டுது! அட, வேகமா!"

மைனா தன் நோட்டிலிருந்து தாள் கிழித்துக் கொடுத்தாள். அவன் பேனாவால் எழுதினான், அவள் டேப்பை இழுத்துப் பிடித்தாள். "கோழி கிளறின மாதிரி இருக்கு உங்க எழுத்து" என்றாள். பிறகு கத்தரிக்கோலை எடுத்து, அவன் கேட்காமலே, டேப்பின் மூலைகளை வளைத்து வெட்டினாள். அவன் பார்த்தான். வாங்கி, பலகையைத் துடைத்துவிட்டு ஒட்டினான்.

ஐந்து முடிந்தது. ஆறாவதை முழுக்கத் திறந்தான், முழுக்க மூடினான். மேலே, கீழே, பின்னால் எங்கேயும் எதுவும் மாறவில்லை.

"இது எதுக்கு?" என்று மாடியைப் பார்த்துக் கேட்டான்.

அவள் இறங்கி வந்து பக்கத்தில் குந்தினாள். நெற்றியில் முடி ஒட்டியிருந்தது. இருவரும் அந்த வால்வையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அதன் பின்னால் மட்டும் பலகையில் பசைத்தடம் இல்லை.

"தெரியலையே" என்றாள். "இதுல எப்பவுமே எதுவும் எழுதலை."

"அவருக்கும் தெரியாதா?"

"தெரிஞ்சிருந்தா எழுதியிருக்க மாட்டாரா?"

மைனா இன்னொரு தாளை நீட்டினாள். "இங்க பாருங்க, இதுக்கு என்ன எழுதப் போறீங்க?"

தையற்காரன் பேனாவைத் திறந்தான். எதுவும் எழுதாமல், கொஞ்சம் நகர்ந்து மனைவிக்கு இடம் விட்டு, பேனாவை அவளிடம் கொடுத்தான்.