சங்கிலி ஒளிந்திருந்த வீடு

வில்லேஜ் ஆபீஸ் பெஞ்சில் பெரியமுத்து காலை ஒன்பது மணியிலிருந்து உட்கார்ந்திருந்தார். தேயிலைக்கு மருந்தடிக்கிற வேலைக்கு இது மூன்றாவது நாள் மட்டம். பக்கத்தில் மகள் மோனிஷா, மடியில் ஃபைல். நர்சிங் சீட் கிடைத்துவிட்டது. வெள்ளிக்கிழமைக்குள் ஜாதிச் சான்றிதழ் கொடுக்காவிட்டால் அது வேறொருவருக்குப் போய்விடும். இன்று வியாழன்.

சான்றிதழ் வேண்டுமென்றால் அப்பன் பாட்டன் 1950-க்கு முன்பே இந்த மலையாள மண்ணில் இருந்ததற்கு ஆதாரம் காட்ட வேண்டும். பெரியமுத்துவின் தாத்தா இருந்தார். ஆனால் மனுஷன் லேசுப்பட்டவர் இல்லை. யானைகவுனி சங்கிலி என்றால் அந்தக் காலத்து மதராஸில் கடைக்காரர்கள் கேட்காமலே மாமூலை எடுத்து வைப்பார்களாம். 1934-இல் ஒரு கத்திக்குத்து வழக்கில் போலீஸ் தேட, தோட்டத்துக்கு ஆள் பிடிக்கும் கங்காணி கூட்டிவந்த கூலிகளோடு ஆளாக மலையேறி, சுடலை என்று பேர் கொடுத்து மண்வெட்டி பிடித்தார். எஸ்டேட்டின் ஆள்பதிவேடான செக்ரோலில் சாகும்வரை சுடலைதான்.

அத்தோடு விட்டிருக்கலாம். பெரியமுத்துவின் அப்பாவுக்குப் பெருமை தாங்கவில்லை. பட்டணமே நடுங்கிய மனுஷனைச் சுடலை என்று எழுதுவதாவது! ரேஷன் கார்டு முதல் வோட்டர் லிஸ்ட் வரை தகப்பன் பெயர் சங்கிலி என்றே கொடுத்தார். சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொண்ட கதை.

ஆபீசர் அமர்நாத் கல்பாத்தி அக்ரஹாரத்துக்காரர். கூப்பிட்டு உட்காரச் சொன்னார்.

"செக்ரோல்ல சுடலைன்னு இருக்கு. ஒங்க அப்பாவோட அப்பா சங்கிலி. ரெண்டும் ஒரே ஆள்னு நான் எப்படி எழுதறது, சொல்லுங்கோ?"

"ஊருக்கே தெரியுமே சார். ரிசார்ட்டுக்காரங்க எங்க லயத்து வீட்டு வாசல்ல 'சங்கிலி ஒளிந்திருந்த வீடு'ன்னு போர்டே வச்சிருக்காங்க."

"தெரியாமயா? போன மாசம் என் கொழந்தைகளைக் கூட்டிண்டு வந்து காட்டினேனே. ஆனா கதை வேற, ரெக்கார்ட் வேற, கேட்டேளா."

"தமிழ்நாட்டுலயும் எங்க பேருல ஒரு ரெக்கார்டும் இல்ல சார். இங்கயும் இல்லன்னா நாங்க எங்க போயி வாங்குறது?"

அமர்நாத் கெட்டவர் இல்லை. பேனாவை எடுத்து மனுவின் ஓரத்தில் மலையாளத்தில் ஏதோ எழுதிக் கையெழுத்துப் போட்டு நீட்டினார். வெளியே வந்து மோனிஷா அதைப் படித்துச் சொன்னாள்.

"சங்கிலிங்கிறவரு 1950-க்கு முன்னாடி இங்க இருந்ததுக்கு ஆதாரம் இல்லையாம்ப்பா."

பெரியமுத்துவுக்குக் கோபம் வந்தது. தாத்தா மேலா, அப்பா மேலா, ஆபீசர் மேலா என்றுதான் தெரியவில்லை.

தோட்டத் தொழிலாளிகளின் வரிசை வீடுகளான லயத்துக்குத் திரும்பியபோது அவர்கள் வீட்டு வாசலில் இரண்டு ஜீப் நின்றன. தேவிகுளம் பார்த்துவிட்டு வந்த டூரிஸ்டுகள். கைடு ஜெகன் தொண்டை கிழியப் பேசிக்கொண்டிருந்தான்.

"1934-லருந்து சாகுற வரைக்கும் யானைகவுனி சங்கிலி இந்த வீட்லதான் ஒளிஞ்சிருந்தாரு. முப்பது வருசம்!" மோனிஷாவைக் கண்டதும் அவன் முகம் மலர்ந்தது. "இந்தா, கொள்ளுப்பேத்தியே வந்துட்டா. மூக்கப் பாருங்க, அப்படியே அவருதான்."

எல்லோரும் போனைத் தூக்கினார்கள். போர்டுக்குப் பக்கத்தில் அவளை நிறுத்தினார்கள்.

"மோனிஷா, அந்த ஃபைலக் கொஞ்சம் எறக்கிப் புடி," என்றான் ஜெகன். "சங்கிலி பேரு மறையுது."

அவள் இறக்கிப் பிடித்தாள்.