தகுதியில்லாத கம்ப்யூட்டர்

‘இந்தக் கம்ப்யூட்டருக்குத் தகுதியில்லை’ என்று திரையில் வந்தது. பதினாலு வருடமாக எனக்குச் சோறு போடுகிற கம்ப்யூட்டரை எவனோ முகம் தெரியாதவன் அப்படிச் சொன்னால் கோபம் வராதா?

தென்காசிப் பத்திரப்பதிவு அலுவலகத்துக்கு எதிரே பத்திரம் டைப் அடிக்கிற கடை என்னுடையது. பழைய விண்டோஸுக்கு இனிமேல் பாதுகாப்பு அப்டேட் கிடையாது. புது விண்டோஸ் இதில் ஏறாது. எனக்கு முக்கால்வாசி வேலை தருகிற பத்திர எழுத்தர் பிச்சுமணி அண்ணாச்சிக்கு அது தெரிந்துவிட்டது.

“பொன்செல்வி, திங்கக்கிழமைக்குள்ள புது மிஷின் வாங்கிரு. இல்லேன்னா வேலையெல்லாம் மேலகரத்து டைப்பிங் சென்டருக்குப் போயிரும். வைரஸ் வந்து பார்ட்டியோட ஆதார் போச்சுன்னா யாரு பதில் சொல்லுதது?”

“மிஷின் நல்லாத்தான ஓடுது அண்ணாச்சி. சிஸ்டத்த மட்டும் மாத்திருதேன்.”

“ஒனக்கு அதெல்லாம் என்னட்டி தெரியும்?”

அதற்குப் பிறகு புதுசு வாங்குவேனா நான்?

ஞாயிற்றுக்கிழமை நல்ல சாரல். ஊரே அருவியில் குளிக்கக் குற்றாலத்துக்குப் போயிருந்தது. நான் கடையைத் திறந்து, போனில் வீடியோவைப் பார்த்துப் பார்த்து, விண்டோஸுக்குப் பதிலாகக் காசில்லாமல் கிடைக்கிற லினக்ஸை ஏற்றினேன். அதற்கு முன்னால் மாதிரிப் பத்திரங்களைப் பத்திரப்படுத்த வேண்டுமே? கிரயம், தானம், பாகப்பிரிவினை என்று திரையில் வரிசையாக நின்ற அத்தனையையும் ஒரே இழுப்பில் பென் டிரைவில் போட்டேன். பிறகு பழையதை முழுசாக அழிக்கச் சொல்லிப் பட்டனை அமுக்கினேன்.

புது சிஸ்டம் ஜோராக ஓடியது. என் விரலுக்குப் பழகிய டைப்ரைட்டர் முறைத் தமிழும் அதில் இருந்தது. சந்தோஷமாகப் பென் டிரைவைத் திறந்தேன். அத்தனையும் வெறும் ஷார்ட்கட். வீட்டை விட்டுவிட்டுக் கதவில் மாட்டியிருந்த பெயர்ப்பலகையைக் கழற்றி வந்திருக்கிறேன். உண்மையான பத்திரங்களெல்லாம் கம்ப்யூட்டருக்குள்ளே டி டிரைவில் இருந்து, அதோடு அழிந்துவிட்டன. உட்கார்ந்து அழுதேன். என்மேல் எனக்கே அவ்வளவு ஆத்திரம்.

திங்கட்கிழமை பத்து மணிக்கு அண்ணாச்சி வந்தார். சுந்தரபாண்டியபுரத்தில் ஒரு நிலம், கிரயப் பத்திரம். பதினொன்றரைக்குப் பதிவு.

“மாதிரிய எடுத்துப் பேர மாத்து.”

“மாதிரி இல்ல. எல்லாம் அழிஞ்சிட்டு.”

“நெனச்சேன்!” மேலகரத்துக்குப் பேசப் போனை எடுத்தார்.

“போன உள்ள வைங்க அண்ணாச்சி. நான் அடிக்கேன்.”

“மாதிரி இல்லாம எப்படி அடிப்ப?”

“அந்த மாதிரியெல்லாம் யாரு அடிச்சது? நாந்தான?”

விரலைக் கீபோர்டில் வைத்தேன். முதல் வரி வந்தது. அதன் பின்னாலேயே அடுத்தது வந்தது. சர்வ சுதந்திர பாத்தியதையுடன் ஆண்டு அனுபவித்துக்கொள்வதும், யாதொரு வில்லங்கமும் இல்லையென்பதும், நான்கு எல்லையைச் சொல்லும் வரிகளும் தானாக விழுந்தன. அண்ணாச்சி தோளுக்குப் பின்னால் நின்று தப்புத் தேடினார். நான் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

பதினொன்றுக்குப் பிரிண்டரிலிருந்து தாள்கள் வந்தன. பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு இரண்டு தடவை வாசித்தார். திருத்த ஒன்றும் கிடைக்கவில்லை.

“ஒண்ணும் விடுபடல. சரி, இந்த மிஷினே இருந்துட்டுப் போட்டும்.”

“அத நான் பாத்துக்கிடுதேன். நாளையிலருந்து பத்திர விவரத்த முந்துன நாளே கொண்டாந்து தந்துருங்க. கடைசி நேரத்துல வந்து மேலகரம், மேலகரம்னு வெரட்டுனா நான் அடிக்க மாட்டேன்.”

அண்ணாச்சி பேனாவை மூடிப் பையில் செருகினார்.

“சரிம்மா” என்றார்.