மெமோவுக்குப் பதில்

பர்சனல் மேனேஜர் மாணிக்கவாசகம் அந்தக் கடிதத்தில் ஒரே ஒரு வார்த்தைக்கு அடியில் சிவப்பு மையால் கோடு போட்டிருந்தார். மேசைக்கு இந்தப் பக்கம் நின்று தலைகீழாகப் பார்த்தபோதே எது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. ரெஃப்யூஸ்ட். பக்கத்தில் நின்ற பாண்டுரங்கனுக்குத் தெரியாது. கடிதத்தில் அவருடையது கையெழுத்து மட்டும்தான். மற்றதெல்லாம் என்னுடையது.

பட்டறை ஈக்காட்டுத்தாங்கலில், ஆபீஸ் தி.நகரில். ஆபீஸிலிருந்து மெமோ இங்கிலீஷில் வரும், மூன்று நாளுக்குள் இங்கிலீஷிலேயே பதில் போக வேண்டும். பி.யூ.சி.யைப் பாதியில் விட்டுவிட்டு நைட் ஷிஃப்டுக்கு வந்தவன் நான் என்பதால் எல்லோருக்கும் நான்தான் எழுதுவேன். கூலி ஒரு டீ. எழுதி நீட்டினால் கீழே தமிழில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போவார்கள். படித்துக் காட்டச் சொல்லி ஒருவனும் கேட்டதில்லை. டாக்டர் சீட்டை யார் படித்துக் காட்டச் சொல்கிறார்கள்?

போன மாதம் பிரஸ் மெஷினில் இனாயத்துக்கு இரண்டு விரல் போயிற்று. மெஷின் முன்னால் இருந்த தடுப்பு உடைந்து நாளாகியிருந்தது. விரல் போன பிறகும் புதிது மாட்டவில்லை. அடுத்த வாரம் அதே மெஷினில் பாண்டுரங்கனை நிற்கச் சொன்னார் சூப்பர்வைசர். பாண்டுரங்கன் நிற்கவில்லை. மெமோ வந்தது.

"ரெஃப்யூஸ்ட், அன்ஏபிள் ரெண்டுக்கும் முடியாதுன்னுதான் நீ நெனச்சிருப்பேப்பா," என்றார் மாணிக்கவாசகம். குரலை உயர்த்தவில்லை. அதுதான் பயமாக இருந்தது. "அன்ஏபிள்னு எழுதியிருந்தா ஒரு வார்னிங்கோட முடிச்சிருப்பேன். இது திமிரு. இந்த ஒரு வார்த்தையே போதும், டிஸ்மிஸ் பண்ண. அஞ்சு மணிக்கு முதலாளிகிட்ட ஃபைல் போகணும். வேற எழுதிக் குடுங்க." வெள்ளைத்தாள் ஒன்றை என்னிடம் நீட்டினார். மணி நாலரை.

வெளியே டைப்பிஸ்ட் இல்லாத மேசை ஒன்றில் உட்கார்ந்தோம். ஜன்னலுக்குக் கீழே பாண்டி பஜாரில் யாரோ ரிக்‌ஷாக்காரனோடு சத்தம் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

"இன்னா நைனா, இன்னா கோடு அது?"

சொன்னேன். முடியாது என்பதை இங்கிலீஷில் பல விதமாகச் சொல்லலாம். கல்யாணத்துக்கு வர இயலவில்லை என்று எழுதுகிறவன் ஒன்றைப் போடுவான். காய்ச்சலில் படுத்தவன் ஒன்றைப் போடுவான். நான் போட்டது, எதிரில் நிற்பவன் முகத்தில் கதவைச் சாத்துகிற வார்த்தை.

"தெரியாம போட்டியா?"

பொய் சொல்லியிருக்கலாம். அவர் நம்பியிருப்பார்.

"தெரிஞ்சுதாண்ணே போட்டேன்."

அந்த வார்த்தையை எழுதியபோது நன்றாக இருந்தது. நான் இதுவரை ஒருவனிடமும் வாய் திறந்து சொல்லாத வார்த்தை அது. சொல்லத் தைரியமில்லை. அவருடைய கையெழுத்துக்கு மேலே எழுத மட்டும் தைரியம் இருந்தது.

பாண்டுரங்கன் என்னை அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருக்கலாம்.

"உன் கோவத்துக்கு என் கையெய்த்தா?" என்றார். "எனக்கு மூணு பொண்ணு கீது, தெரியும்ல?"

"தெரியும்."

"தெரிஞ்சே போட்டுக்கீறே."

சுவர்க் கடிகாரத்தில் நாலே முக்கால். அன்ஏபிள் என்று எழுதிவிடலாம் என்றேன். வேலை நிற்கும்.

"அதுக்கு இன்னா அர்த்தம்?"

"உங்களால முடியல. ஏலாம போச்சுன்னு."

"ஏலாம போச்சா? பத்து வருசமா பிரஸ் ஓட்டிக்கினு கீறேன். எனக்கா ஏலாது?" வெள்ளைத்தாளைத் தன் பக்கம் இழுத்தார். "தடுப்பு இல்லன்ற விசயம் அதுல வருமா?"

"வந்தா ஒத்துக்க மாட்டாங்கண்ணே."

"நா அன்னிக்கு சூப்பர்வைசராண்ட இன்னா சொன்னேன்? நீ பக்கத்துலதான இருந்தே?"

"தடுப்பு மாட்டு, ஓட்றேன். இல்லன்னா மாட்டேன், போன்னு சொன்னீங்க."

"அது எந்த வார்த்த?"

"கோடு போட்டதுதான்," என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. என் சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்தார். வெள்ளைத்தாளின் அடியில், ஒரு வரிகூட இல்லாத தாளில், ந. பாண்டுரங்கன் என்று முதலில் கையெழுத்தைப் போட்டார். பேனாவை என்னிடம் கொடுத்தார்.

"இப்ப எய்து. ஒவ்வொரு வார்த்தயா எனக்குத் தமிழ்ல சொல்லிட்டு எய்து. நா ஊம்னாதான் எய்தணும்."

உள்ளே மாணிக்கவாசகம் மணி அடித்து பியூனைக் கூப்பிட்டார். ஃபைல்களைக் கட்டுகிற சத்தம் கேட்டது.

"ஐ," என்றேன். "நான்."

"ஊம்."

எழுதினேன். அடுத்து ரெஃப்யூஸ்ட், இல்லையென்றால் வாஸ் அன்ஏபிள். அவர் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். மேலே ஃபேன் சுற்றியது. தாள் பறக்காமல் இருக்க, பாண்டுரங்கன் அதன்மேல் தன் வலது கையை வைத்து அழுத்தினார், ஐந்து விரல்களையும் விரித்து.