சிவலைக்கு வைத்த வாளி

கிரின்ஸ்டெட் ஊருக்கு வெளியே ஸ்ரான்லியும் மனைவி சுஜீவாவும் வாங்கிய சின்னப் பண்ணையில், சிவலை என்ற நாகுப் பசு தலைக்கன்று போடப் படுத்துவிட்டது.

சிவலையைத் தெரிந்தெடுத்தவள் சுஜீவா. ஸ்ரான்லி ஆசைப்பட்டதோ கொழுகொழுவென்று மினுங்கிய ஒரு கறுப்பியை. "வடிவைப் பாத்து எடுக்க இதென்ன கலியாணப் பேச்சோ?" என்று சுஜீவா வெடித்தாள். இடுப்பெலும்பு அகலமா, தாய் சிக்கலில்லாமல் கன்று போட்டவளா என்று பார்த்துத்தான் சிவலையை எடுத்தாள். சின்னக் கன்றுக்குப் பேர்போன காளையின் சினை ஊசியையே போடுவித்தாள். பிறகு ஒரே கட்டளை: "புல்லு மட்டும். கொழுத்தால் வழி அடைக்கும், கன்று சிக்கும், ரெண்டு உயிரும் போகும்."

ஸ்ரான்லியின் மனம் கேட்குமா? பிள்ளைத்தாச்சியை வெறும் புல்லோடு விடுகிற ஆட்களா நம்மவர்கள்! சுஜீவா காணாதபடி, தினமும் வேலைக்குப் போகுமுன் ஒரு வாளி பார்லி மாவைச் சிவலையின் முன்னால் வைத்துவிட்டுத்தான் காரில் ஏறினான்.

இப்போது பன்னீர்க்குடம் உடைந்து நேரமாகிறது. இரண்டு குளம்புகள் தெரிந்தன, உள்ளே போயின. மறுபடி தெரிந்தன, மறுபடி போயின. சிவலை அடித்தொண்டையால் கத்தியது.

"கயித்தைப் போட்டு இழுப்பம், சுஜி!"

"தொடாதேங்கோ! அவள் தானாப் போடுவாள்."

"போடமாட்டாள்! நான்தான் கெடுத்துப்போட்டன். உமக்குத் தெரியாமல் ஒவ்வொரு நாளும் மா வைச்சனான். உள்ளுக்குள்ளை முழுக்கக் கொழுப்பாத்தான் இருக்கும். ஐயோ மாதாவே, என்ரை கையாலை கொன்றுபோட்டனே!" ஸ்ரான்லி குழறி அழுதான்.

சுஜீவா திரும்பியும் பார்க்கவில்லை. "மூக்குத் தெரியுது! இன்னொருக்கா முக்கு, என்ரை ராசாத்தி!"

சிவலை ஒரே முக்காக முக்கியது. தலை வந்தது, தோள் வந்தது, சளாரென்று முழுக் கன்றும் வைக்கோலில் வழுக்கி விழுந்தது. விழுந்த கையோடு தும்மியது. உயிர்! ஸ்ரான்லி துள்ளிக் குதித்துச் சுஜீவாவைக் கட்டிப்பிடித்தான்.

"அப்ப நான் வைச்ச மா?"

"உங்கடை கார் கேற்றைத் தாண்ட முந்தியே வாளியை எடுத்துப்போடுவன். உங்களைத் தெரியாதே எனக்கு?"

"பிறகு ஆர் அதைத் திண்டது?"

பக்கத்துக் கொட்டிலில் இறைச்சிக்கு வளரும் இளங்காளை, நாம்பன், நின்றது. வெறும் புல்லில் என்ன வளர்த்தி, எல்லாம் என் கைராசி என்று ஸ்ரான்லி ஞாயிறு பூசை முடிய எல்லாருக்கும் படம் காட்டிய அதே நாம்பன். அது கம்பிக்கு மேலால் கொழுத்த கழுத்தை நீட்டி, இன்றைக்கு வாளி எங்கே என்று ஸ்ரான்லியைப் பார்த்துக் கத்தியது.