மானுவின் இடது காது

அப்துல் ஷுக்கூருக்கு அடுத்தவர் காதுதான் சோறு போட்டது. தருமபுரியிலிருந்து சின்ன ரயிலேறிப் பாலக்கோட்டுச் சந்தைக்குப் போவார். அங்கே புளியமரத்தடியில் கோணியை விரித்து உட்கார்ந்தாரானால், பொழுது சாய்வதற்குள் இருபது முப்பது காதுகளாவது அவர் கைக்கு வந்து போகும். செம்பில் செய்த சின்னஞ்சிறு கரண்டி ஒன்று, மெல்லிய இடுக்கி ஒன்று, பஞ்சு சுற்றிக்கொள்ள ஒரு கம்பி. அவ்வளவுதான் ஆயுதம். "அசையாம உக்காருங்க. மூச்சு வுட்டா போதும்" என்று சொல்லிக் காதுமடலை இழுத்துப் பிடிப்பார். பக்கத்தில் மாடுகள் முட்டிக்கொண்டாலும் அவர் கை நடுங்காது. ஒரு குடியானவர் காதில் எட்டு மாதமாக அடைத்துக்கிடந்த கேழ்வரகு மணியை, அந்த ஆளுக்கே தெரியாமல் எடுத்து உள்ளங்கையில் வைத்துக் காட்டியவர். இருபத்தேழு வருஷத்தில் ஒரு காதிலும் ரத்தம் பார்த்ததில்லை என்று சொல்லிக்கொள்வார். அது பொய்யும் இல்லை.

வீட்டில் அவருக்கென்று ஒரு பூனை இருந்தது. சாம்பல் நிறம், பெயர் மானு. மூன்று வருஷத்துக்கு முன்பு மழைக்கு ஒதுங்கிய குட்டி, அப்படியே தங்கிவிட்டது. அவர் மனைவி ரஹமத் பீவிக்கு அதைக் கண்டாலே ஆகாது. "சோத்துல முடி வுழுது. பால் சட்டிய மூடி மூடிக் கையே ஓஞ்சுபோச்சு" என்பாள். மானுவும் அவள் பக்கம் போகாது. ஷுக்கூர் சந்தையிலிருந்து வந்து கைகால் கழுவி உட்கார்ந்தால்தான், எங்கே இருந்தாலும் வந்து மடியில் ஏறும். அவர் கருவிகளைத் துடைத்துப் பெட்டியில் வைக்கும்வரை குர்ரென்று சத்தம் போட்டுக்கொண்டே கிடக்கும்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தொன்பதாம் வருஷம் ஐப்பசியில் மானு தலையைத் தலையை உதற ஆரம்பித்தது. பின்னங்காலால் காதைப் பிறாண்டியது. பிறாண்டிய இடத்தில் முடி உதிர்ந்து தோல் சிவந்தது. ஷுக்கூர் காதைத் திருப்பி வெளிச்சத்தில் பார்த்தார். காப்பிக்கொட்டையை அரைத்துக் கொட்டினாற்போல உள்ளே கறுப்பாக ஏதோ அப்பியிருந்தது. இரண்டு காதிலும் அதே கதை. இடது காதில்தான் அதிகம்.

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"ஊரு காதெல்லாம் நான் பாக்கறேன், என் மடியில கெடக்கற காதுல இவ்வளவு அழுக்கு!"

"அது மனுசக் காது இல்லீங்க" என்றாள் ரஹமத் பீவி. "சும்மா வுட்டுடுங்க. அதுவா சரியாப் போவும்."

"காது காதுதான் புள்ள. நீ ஒரு துண்ட எடுத்துட்டு வா."

மானுவைத் துண்டில் சுருட்டி, கழுத்துக்கு மேலே மட்டும் தெரியும்படி முழங்கால்களுக்கு நடுவே வைத்துக்கொண்டார். அது முரண்டு பிடிக்கவில்லை. அவர் மடி என்பதால் கண்ணைப் பாதி மூடிக்கொண்டு கிடந்தது. கரண்டியை மெல்ல உள்ளே விட்டு கரண்டி நிறையக் கறுப்பை வழித்து எடுத்தார். துணியில் துடைத்துவிட்டு இன்னொரு தரம். "பாத்தியா? என்னமோ சொன்ன" என்று மனைவியைப் பார்த்துச் சொன்னார்.

கொஞ்சம் ஆழத்தில் கரண்டி எதிலோ முட்டியது. மனிதக் காதில் அந்த ஆழத்தில் அப்படி முட்டினால் அது காய்ந்த குறும்பிக் கட்டியாகத்தான் இருக்கும். ஓரத்தில் நெம்பினால் பெயர்ந்து வரும். அவர் கைக்குப் பழகின கணக்கு அது. நெம்பினார்.

மானு கத்தினது பூனை கத்துவது போலவே இல்லை. துண்டுக்குள் வில்லாக விறைத்து ஒரே உதறாக உதறியது. கரண்டி இன்னும் உள்ளே போய்விட்டு, அவர் விரலிலிருந்து தெறித்து விழுந்தது. பூனை அவர் கையைக் கீறிவிட்டுப் பாய்ந்து கட்டிலுக்கு அடியில் புகுந்தது. ஷுக்கூர் தரையைப் பார்த்தார். கரண்டியின் முனையில் ஒரு சொட்டு ரத்தம் இருந்தது. அது அவர் கையிலிருந்து வந்ததல்ல.

ரஹமத் பீவி கீழே கிடந்த துண்டை எடுத்து மடித்தாள். திட்டியிருந்தால் அவருக்குக் கொஞ்சம் தேவலையாக இருந்திருக்கும்.

மறுநாள் காலையில் மானு தானாக வெளியே வந்தது. தலை இடது பக்கம் சாய்ந்திருந்தது. தோளோடு தலையைச் சேர்த்துத் தைத்துவிட்டாற்போல் ஒரு சாய்வு. பால் கிண்ணத்தைப் பார்த்து நடந்தது. நடை இடது பக்கமே வளைந்து வளைந்து, ஒரு வட்டம் போட்டுப் புறப்பட்ட இடத்துக்கே வந்து சேர்ந்தது. மறுபடி புறப்பட்டது. மறுபடி வட்டம். மூன்றாம் தடவை கால் பின்னி விழுந்தது. கண்மணிகள் இரண்டும் ஓரிடத்தில் நிற்காமல் பக்கவாட்டில் துடித்துக்கொண்டிருந்தன. ஷுக்கூர் கிண்ணத்தை எடுத்து அதன் வாய்க்கு நேரே கொண்டுபோனார். அவர் கையைக் கண்டதும் அது சீறிப் பின்வாங்கிச் சுவரில் மோதிக்கொண்டது.

"யா அல்லா, நான் என்னா பண்ணிட்டேன்" என்று தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார்.

ரஹமத் பீவிதான் பூனையைக் கூடையில் வைத்து மூடிக் கொடுத்தாள். கூடையைச் சுமந்துகொண்டு மாட்டாஸ்பத்திரிக்குப் போனார். வெக்கை நோய் வந்த எருதுகளும் கால் ஒடிந்த கன்றுகளும் வரிசையாக நின்றன. டாக்டர் கிராமங்களுக்கு ஊசிபோடப் போயிருந்தார். கம்பவுண்டர் முனிராஜ் மட்டும் கை முழுக்கச் சுண்ணாம்புத் தண்ணீரோடு வந்து கூடையைத் திறந்து பார்த்தார்.

"பூனையா? பூனைய இங்க யாரும் கொண்டாரதில்ல பாய்."

"தெரியுமுங்க. வேற எங்க போறதுன்னு தெரியலீங்க."

முனிராஜ் மானுவின் தலையைப் பிடித்துக் கண்ணைப் பார்த்தார், காதைத் தொடாமல் முகர்ந்தார். "உள்ள என்னத்த வுட்டீங்க?"

ஷுக்கூர் பொய் சொல்ல நினைத்தார். ஆனால் வெளியே கிளம்பினாலே செருகிக்கொள்ளும் பழக்கத்தில், தலைப்பாகை மடிப்பில் கரண்டி இருந்தது. கம்பவுண்டர் அதைப் பார்த்துவிட்டார்.

"ஓ, சந்தையில காது பாக்கறவருங்களா நீங்க? எங்க மாமனாருக்குக்கூட நீங்கதான் பாத்தீங்க." முனிராஜ் குரலைத் தணித்துக்கொண்டார். "பாய், பூனைக் காது மனுசன் காது மாதிரி நேரா போவாது. கெணறு மாதிரிக் கீழ எறங்கி, அப்பறம் உள்பக்கமா மடங்கும். நீங்க அழுக்குன்னு நெம்புனது அந்த மடிப்ப. அது உதறுனப்ப கரண்டி சவ்வக் கிழிச்சிருக்குது. நெதானமா நிக்க வெக்கறதும் அந்தக் காதுக்குள்ளதான இருக்குது? அதான் இப்பிடிச் சுத்துது."

"மருந்து குடுங்க ஐயா. என்னா மருந்துனாலும் போடறேன்."

"இந்தக் காதுக்கு ஒண்ணும் போடக் கூடாதுங்க. எண்ணெய் கூடாது, தண்ணி கூடாது. கிழிஞ்ச சவ்வு வழியா உள்ள போனா இன்னும் கெடுதி. வெளிய வடியறத மட்டும் துணியால ஒத்தி எடுங்க. அது பாட்டுக்கு ஆறணும்."

"ஆறுமுங்களா?"

"ஆறலாம். ஆறாமயும் போலாம்." அவர் வலது காதைத் திருப்பிப் பார்த்தார். "இதுல சவ்வு நல்லாத்தான் இருக்கும்போலத் தெரியுது. அழுக்கு இல்லீங்க இது, கண்ணுக்குத் தெரியாத பூச்சி. வுட்டா இதும் கெட்டுப்போவும். நல்லெண்ணெய லேசா சூடு காட்டி மணிக்கட்டு உள்பக்கம் ஊத்திப் பாருங்க, சூடே தெரியக் கூடாது. மூணு சொட்டு வுட்டு, காது அடியில வெளிப்பக்கமா மெதுவா பெசைங்க. அப்பறம் கைய எடுத்துடுங்க, அதுவே ஒதறி அழுக்க மேல கொண்டாரும். மேல வந்தத மட்டும், கண்ணுக்குத் தெரியற மட்டும், வெரல்ல துணி சுத்தித் தொடைங்க. குச்சி, கம்பி, கரண்டி எதுவும் கிட்டவே போவக் கூடாது. ஒரு நாள் வுட்டு ஒரு நாள், மூணு வாரம்."

ஷுக்கூர் மூன்று தரம் அதைத் திருப்பிச் சொல்லிக் காட்டினார். பள்ளிக்கூடத்துப் பிள்ளையைப் போல நின்று அதைச் சொன்னபோது அவருக்கு வெட்கமாகக்கூட இல்லை.

வீட்டுக்கு வந்து எண்ணெயைக் காய்ச்சி ஆறவைத்து மணிக்கட்டில் ஊற்றிப் பார்த்தார். எல்லாம் பக்குவமாகத்தான் இருந்தது. ஆனால் பூனை அவரைக் கிட்டே சேர்க்கவில்லை. அவர் ஓர் அடி வைத்தால் அது ஓடப் பார்த்து, ஓட முடியாமல் சுருண்டு விழுந்து, பாத்திரங்களில் மோதிக்கொண்டது. தொழிலில் கையில் ஊறிப்போன மருந்தெண்ணெய் வாசம் அதற்குப் பயமாயிருக்குமோ என்று சீயக்காய் போட்டுத் தேய்த்தார், செம்மண் போட்டுத் தேய்த்தார். வேறு சட்டை மாற்றிக்கொண்டு வந்தார். அவர் காலடிச் சத்தத்துக்கே அது பல்லைக் காட்டியது.

"நீங்க வெளிய போங்க" என்றாள் ரஹமத் பீவி. "உங்களப் பாத்துப் பாத்தே அது அடிபட்டுச் செத்துரும்."

"உனக்குப் பழக்கமில்லியே."

"பழக்கம் இருந்தவரு என்னா பண்ணுனீங்க?"

சொல்லிவிட்டு அவளே முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஷுக்கூர் எழுந்து தெருவுக்கு வந்து, சாத்திய கதவுக்கு வெளியே குந்தினார். உள்ளே அவள் துண்டைத் தட்டும் சத்தம் கேட்டது.

"மூணு சொட்டுதான்" என்றார் கதவைப் பார்த்து.

"மூணுதான் வுட்டேன்."

"அடியில பெச. அழுத்தாத."

"பெசையறேங்க. உள்ள சளக்குனு சத்தம் வருது."

"அப்பிடித்தான் வரும்னாரு. இப்பக் கைய எடுத்துடு, ஒதறட்டும். மூஞ்சியத் திருப்பிக்க."

உள்ளே பூனை உதறியது. ரஹமத் பீவி "தூ" என்றாள். தெருவில் போனவர்கள், கதவோடு பேசிக்கொண்டிருந்த மனிதரை நின்று பார்த்துவிட்டுப் போனார்கள்.

அந்த வாரச் சந்தைக்கு அவர் போகாமல் இருந்திருக்கலாம். போனார். முதலில் வந்து உட்கார்ந்தவர் வத்தல்மலையிலிருந்து சாமை கொண்டுவந்திருந்த கரியன், வருஷத்துக்கு இரண்டு தரம் வருகிறவர். ஷுக்கூர் காதுமடலை இழுத்துப் பிடித்தார். கரண்டி துவாரத்தின் வாசல்வரை போய் நின்றது. உள்ளே போகச் சொன்னால் கை கேட்கவில்லை. மேலாக இருந்ததை மட்டும் வழித்து, எண்ணெய் நனைத்த பஞ்சால் துடைத்தார்.

"என்னங்க பாய், உள்ள போவவே மாட்டங்கறீங்க? அடைப்பு அப்பிடியே கெடக்குதே."

"எண்ணெய் ரெண்டு சொட்டு வுட்டிருக்கறேன். ஊறிக்கிட்டு அதுவா வந்துரும்."

"அதுக்கு நான் மலையிலயே இருந்திருப்பனே!"

கரியன் எழுந்து போனார். கொஞ்ச நேரத்தில் சந்தையில் பேச்சுப் பரவியது, பாய்க்குக் கை போய்விட்டது என்று. அவர் கோணியைச் சுருட்டிக்கொண்டு ரயில் வருமுன்பே ஸ்டேஷனில் போய் உட்கார்ந்துகொண்டார்.

இடது காதில் பத்து நாள் சீழ் வடிந்தது. அவள் ஒத்தி ஒத்தி எடுத்தாள். அவர் தினமும் கதவுக்கு வெளியிலிருந்து, "நாத்தம் எப்பிடி?" என்று கேட்பார். ஒரு நாள் "ரொம்ப அடிக்குது" என்பாள். அன்று அவருக்குச் சோறு இறங்காது. செய்வதற்கு ஏதாவது இருந்தால் செய்துவிடலாம். செய்யாமல் இருப்பதுதான் வைத்தியம் என்று ஒருவர் சொல்லிவிட்ட பிறகு ஷுக்கூர் எங்கே போவார்? பள்ளிவாசலில் தொழுதுவிட்டு எல்லோரும் போன பின்பும் உட்கார்ந்திருப்பார். ஒரு பூனைக்காகக் கேட்கலாமா என்று தயங்கி, கேட்காமலே கைகளை ஏந்திக்கொண்டிருப்பார்.

பதினோராம் நாள் சீழ் நின்றது. கண் துடிப்பு அடங்கியது. மானு தானாகப் பால் குடித்தது. வலது காது மூன்று வாரத்தில் சுத்தமாகி உள்ளே இளஞ்சிவப்பாகத் தெரிந்தது என்று ரஹமத் பீவி வந்து சொன்னாள். ஆனால் சாய்ந்த தலை நிமிரவில்லை. இடது பக்கம் கையைத் தட்டினாலும் திரும்பிப் பார்க்கவில்லை. கம்பவுண்டரிடம் மறுபடி கேட்டதற்கு, "இனிமே இப்பிடித்தாங்க, உசுருக்கு ஒண்ணுமில்ல" என்றார்.

மார்கழியில் ஒரு சாயங்காலம் ஷுக்கூர் வீட்டுக்குள் சுவரோரமாக உட்கார்ந்திருந்தார். எதிர்ச் சுவரோரம் ரஹமத் பீவி கம்பு புடைத்துக்கொண்டிருந்தாள். இப்போது மானு படுப்பது அவள் பக்கத்தில்தான். முடி விழுகிறது என்று அவள் சொல்வதில்லை. வெளியே போயிருந்த பூனை வாசலில் வந்து நின்று, அவளைப் பார்த்து நடக்க ஆரம்பித்தது. நடை இடது பக்கமாக இழுத்தது. அவளை நோக்கிப் புறப்பட்டது வளைந்து வளைந்து வந்து, ஷுக்கூரின் முழங்காலில் முட்டி நின்றது.

அவர் மூச்சு விடவில்லை. ரஹமத் பீவியின் முறமும் நின்றுவிட்டது. பூனை சாய்ந்த தலையோடு அந்த முழங்காலை முகர்ந்தது. யார் என்று தெரிந்தது. முதுகு முடி சிலிர்த்தது. ஆனால் சீறவில்லை. இரண்டடி பின்வாங்கி, மறுபடி திசை பார்த்துக்கொண்டு, இந்தத் தடவை சுவரை ஒட்டியே சுற்றிப்போய் அவள் புடவை ஓரத்தில் படுத்துக்கொண்டது.

ஷுக்கூர் இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தார்.