ஏழு குழாயும் ஒரு மச்சானும்

குழாய் ரிப்பேர்க்காரருக்கு அன்றைக்கு உடம்பில் மொத்தம் ஏழு குழாய். இதய ஆபரேஷன் மயக்கம் தெளிந்ததும் அவரே எண்ணிப் பார்த்தது. முப்பது வருஷம் அடுத்தவர் வீட்டுச் சாக்கடையில் தோள்வரை கைவிட்டவர், ஒரு நாளும் மூக்கைப் பிடித்ததில்லை. குமட்டல் என்று ஒன்று தனக்கும் வரும் என்பதே கல்யாணத்துக்கு அப்புறம், மனைவியின் அண்ணனைப் பார்த்துத்தான் தெரிந்தது.

அந்த மச்சான்தான் இப்போது படுக்கை ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். தீவிர சிகிச்சைப் பிரிவில் ஐந்து நிமிஷத்துக்கு மேல் யாரையும் விடமாட்டார்கள். இவர் ரத்தம் கொடுக்க வந்தவன் என்று சொல்லி உள்ளே நுழைந்து, ஒரு சொட்டும் கொடுக்காமல் ஒன்றரை மணி நேரமாக இருந்தார். சும்மாவும் இல்லை. தன் குதிகால் தோலை உரித்தார், உருட்டினார், மோந்து பார்த்தார், போர்வையில் சுண்டினார். அதே விரலால் நோயாளியின் நெற்றியைத் துடைத்தார்.

"வேர்க்குது பாருங்க மாப்ளே!"

தொண்டையில் சுவாசத்துக்குக் குழாய் செருகியிருந்ததால் மாப்பிள்ளையால் திட்டக்கூட முடியவில்லை. தலைமாட்டுத் திரையில் ரத்த அழுத்தம் நூற்று முப்பதிலிருந்து நூற்றெண்பதுக்குப் போயிருந்தது. சிஸ்டர் ஓடிப்போய் டாக்டரைக் கூட்டி வந்தார்.

"ஆபரேஷன்ல நெஞ்செலும்ப அறுக்கும்போதும் இப்படித்தான் எகிறுச்சு. மயக்க மருந்தைக் கூட்டினதும் அடங்கிடுச்சு. இப்ப என்ன? வலிக்குதா? குளிருதா? பயமா இருக்கா?"

மூன்றுக்கும் அவர் தலையை ஆட்டி மறுத்தார்.

"மருந்து ஏத்துங்க சிஸ்டர். இறங்கலன்னா தையல்ல கசியும். மறுபடி நெஞ்சைத் திறக்கவேண்டி வந்துடும்."

மறுபடியுமா! அவருக்கு அடிவயிறு கல்லாக இறுகியிருந்தது. போகிற தண்ணீர் போகாவிட்டால் மேலே அழுத்தம் ஏறும். இதைச் சொல்லித்தான் அவர் ஊர் முழுக்கக் கூலி வாங்கியிருக்கிறார். சைகை காட்டி அட்டையும் பேனாவும் வாங்கி எழுதினார்: 'அடைப்பு'.

டாக்டர் சிரித்தார். "மூணு அடைப்பையும் சரி பண்ணியாச்சுங்க. கவலையே படாதீங்க."

'குழாய்' என்று எழுதினார். அப்போதுதான் உள்ளே வந்த மனைவி தலையில் அடித்துக்கொண்டார். "எந்த வீட்டு வேலைய பாதியில விட்டாரோ, இங்கயும் அதே நினைப்பு."

'கீழே' என்று எழுதினார். மச்சான் உட்கார்ந்த இடத்திலிருந்தே குனிந்து கட்டிலடியைத் துழாவினார். கட்டில் முனகியது. நூற்றுத் தொண்ணூற்றைந்து.

"கீழ ஒண்ணுமில்லையே மாப்ளே. பஞ்சுதான் கிடக்கு."

பஞ்சை எடுத்துக் காட்டவும் செய்தார். பழைய பஞ்சு.

கடைசியில் வேறு வழியில்லாமல் 'மச்சான்' என்று எழுதினார். அவ்வளவுதான். மச்சானுக்குக் கண் கலங்கிவிட்டது. தங்கையிடம் திரும்பினார். "பாத்தியா பாப்பா! சாகக் கிடக்கிறப்பவும் என்னைத்தான் தேடுறாரு!" போர்வை நுனியை இழுத்து, உருகி, பலமாக மூக்கைச் சிந்தினார்.

போர்வை விலகியதில்தான் சிஸ்டர் கண்ணில் பட்டது. கட்டிலில் தொங்கிய மூத்திரப் பைக்குப் போகும் குழாய் மச்சானின் தொடைக்கடியில் சப்பையாகக் கிடந்தது. பை காய்ந்திருந்தது.

"முதல்ல எந்திரிங்க சார்!"

எழுந்தார். அதற்கப்புறம் பையில் விழுந்த வேகத்தைக் கேட்டு, பக்கத்துப் படுக்கைக்காரர் கொடியில் துணி காய்கிறதே என்று தன் மனைவியைக் கூப்பிட்டார். திரையில் எண் மளமளவென்று இறங்கி நூற்று முப்பத்தைந்தில் நின்றது. குழாய்க்காரர் கண்ணை மூடினார். நெஞ்சு மூடியபடியே இருக்கும்.

மச்சானும் திரையைப் பார்த்தார்.

"நல்லவேளை, நான் பக்கத்துலயே இருந்தேன். இல்லன்னா யாரு கவனிச்சிருப்பா? இனிமே தினமும் வந்துடுறேன் மாப்ளே." மூக்கைத் துடைத்த கையாலேயே கன்னத்தைத் தட்டிக் கொடுத்தார்.

நூற்றைம்பது. நூற்று எழுபது.

டாக்டர் குழாய்களை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தார். ஏழும் நேராகத்தான் இருந்தன.

"இப்ப எதனால?" என்றார்.

சிஸ்டர் மச்சானின் செருப்பை எடுத்து வாசலுக்கு வெளியே வைத்துவிட்டு வந்தார்.